‘இன்ஜினை இறக்கணும்’ என்றால் உடனே தலையாட்டாதீர்கள்!

பழைய வண்டி ஆயில் குடிக்கிறதா? காரணத்தை நீங்களே கண்டுபிடிக்கலாம்

‘‘போன வருஷம் 2008 மாடல் ஆம்னி வேன் ஒண்ணு செகண்ட் ஹேண்ட்ல வாங்கினேன். தக்காளி, முருங்கைக்காய் ஏத்திக்கிட்டு ஒட்டன்சத்திரம் மார்க்கெட் போக வர அதுதான். வாங்கி ரெண்டு மாசத்துல இருந்து ஆயில் குறையுது. இப்ப மாசம் ரெண்டு லிட்டர் ஊத்துறேன். மெக்கானிக்கிட்ட காட்டினா, ‘ரிங் போயிருச்சு, இன்ஜினை இறக்கணும், 42,000 ரூபாய் ஆகும்’னு சொல்றார். செய்யலாமா, இல்ல வண்டியைத் தள்ளி விட்டுடலாமா?’’

கேள்வி-பதில் பகுதிக்கு இதுபோன்ற கடிதங்கள் வருவது புதிதல்ல. இந்தக் கடிதத்தின் அடியில் மட்டும் வேறு பேனாவில் ஒரு வரி கூடுதலாக இருந்தது. ‘‘பணத்துக்காக வீட்டுல வளர்க்குற ஆறு வெள்ளாட்டையும் அடுத்த வாரம் சந்தைக்கு ஓட்டுறதா இருக்காங்க. அதுக்குள்ள பதில் சொன்னா நல்லது.’’ எழுதியது அவருடைய மனைவி என்று பிறகு தெரிந்தது.

அடுத்த இதழ் வரும்வரை காத்திருந்தால் ஆடு சந்தை ஏறிவிடும். அதனால் போன் செய்து, ‘வண்டியைப் பிரிக்க வேண்டாம்’ என்று சொல்லிவிட்டு, அந்த வாரமே நேரில் போனோம். துணைக்கு, திண்டுக்கல்லில் 35 ஆண்டுகள் ஒர்க்‌ஷாப் நடத்தி ஓய்வுபெற்ற ஒரு மேஸ்திரியையும் அழைத்துப் போயிருந்தோம். ‘‘பேரெல்லாம் போட வேணாம். அப்புறம் இந்தச் சுத்துவட்டார மெக்கானிக்குக அத்தனை பேரும் எம்மேல வருத்தப்படுவாங்க’’ என்றார். ஆகவே அவர் இந்தக் கட்டுரையில் மேஸ்திரியாகவே இருக்கட்டும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். ஆயில் குறைகிறது என்றாலே ‘ரிங் போச்சு’ என்று சொல்வது, காய்ச்சல் என்றதும் டைபாய்டு என்று சொல்வதைப் போல. இருக்கலாம். ஆனால், பார்க்காமல் சொல்லக் கூடாது. ஆயில் குறைய ஏழெட்டுக் காரணங்கள் உண்டு. அதில் சில நூறு ரூபாயில் முடிவதும் உண்டு. இன்ஜினையே இறக்க வேண்டியதும் உண்டு. எது என்று தெரிந்துகொள்ள ஆகும் செலவு மிகக் குறைவு. கொஞ்சம் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

அளக்காமல் பேசாதே!

வாசலில் நின்ற வேனைப் பார்த்ததும் மேஸ்திரி கேட்ட முதல் கேள்வி, ‘‘தம்பி, எத்தனை கிலோமீட்டருக்கு எவ்வளவு ஆயில் குறையுது?’’

‘‘மாசத்துக்கு ரெண்டு லிட்டர் ஊத்துறேன் மேஸ்திரி.’’

‘‘மாசக் கணக்கு எனக்கு வேணாம். மாடு எவ்வளவு தின்னுதுன்னு கேட்டா, எத்தனை படப்பு காலியாச்சுன்னு சொல்ற மாதிரி இருக்கு. கிலோமீட்டர் சொல்லு.’’

அவருக்குத் தெரியவில்லை. உட்கார்ந்து கணக்குப் போட்டோம். மார்க்கெட்டுக்குப் போய்வர 44 கி.மீ.; மாதம் 25 நடை. அது போக, வாரம் ஒருமுறை பாச்சலூர் மலைச் சாலையில் ஏறி, அங்கிருந்து காய் ஏற்றி வருகிறார். எல்லாம் சேர்த்து மாதம் சுமார் 1,400 கி.மீ. ஆக, 700 கி.மீ. ஓட ஒரு லிட்டர் போகிறது.

நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் எதுவானாலும் கொஞ்சம் ஆயிலை எரிக்கத்தான் செய்யும். சிலிண்டர் சுவரில் ஆயில் படலம் இல்லாவிட்டால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். அந்தப் படலத்தில் ஒரு சிறு பங்கு எரிந்து போவது இயற்கை. வயதான இன்ஜினில் 2,000, 3,000 கி.மீ.க்கு ஒரு லிட்டர் குறைந்தால் அதை நோயாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. 1,000 கி.மீ.க்கு ஒரு லிட்டரைத் தாண்டினால்தான் காரணத்தைத் தேட வேண்டும். 700-க்கு ஒரு லிட்டர் என்பது தேட வேண்டிய அளவுதான்.

அளப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. வண்டியைச் சமதளத்தில் நிறுத்துங்கள். களத்து மேட்டுச் சரிவில் நிறுத்தி அளந்தால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு அளவு காட்டும். ஓடி வந்த இன்ஜினை அணைத்துப் பத்து நிமிடம் விடுங்கள். மேலே ஏறிய ஆயில் கீழே சேம்பருக்கு இறங்க வேண்டும் அல்லவா? ஆயில் கேஜ் கம்பியை உருவித் துடைத்து, மறுபடி முழுக்க விட்டு எடுத்துப் பாருங்கள். மேல் கோடு வரை ஆயிலை நிரப்பி, அன்றைய கிலோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். 250 கி.மீ.க்கு ஒருமுறை பார்த்து, ஊற்றுகிற ஆயிலை அளந்து ஊற்றி நோட்டில் எழுதுங்கள். பெரும்பாலான சிறிய கார்களில் கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் இடையே ஏறத்தாழ ஒரு லிட்டர்தான். மீட்டர் ஓடாத வண்டியா? மார்க்கெட் நடைக் கணக்கை வைத்துக்கொள்ளுங்கள். 1,000 கி.மீ. இப்படி எழுதிவிட்டால், எந்த மெக்கானிக் முன்னாலும் தைரியமாகப் பேசலாம்.

மேல் கோட்டைத் தாண்டி நிரப்பவும் கூடாது. ‘எப்படியும் குறையப் போகுதே’ என்று அரை லிட்டர் கூடுதலாக ஊற்றுபவர்கள் இருக்கிறார்கள். கிராங்க் அதை அடித்துச் சிதறவிடும். பிரீதர் வழியாக ஆயில் வெளியேறும். ஊற்றியதும் வீண், கணக்கும் தப்பும்.

ஒழுகுதா, எரியுதா?

ஆயில் போவதற்கு முக்கியமான வழிகள் இரண்டு. வெளியே ஒழுக வேண்டும் அல்லது உள்ளே எரிய வேண்டும். அதைப் பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

‘‘தரையில சொட்டுறதே இல்லைங்க’’ என்றார் விவசாயி. மேஸ்திரி பதில் பேசாமல், ஒரு பழைய அட்டைப் பெட்டியைப் பிரித்து வேனுக்கு அடியில் விரித்தார். இரவு முழுக்க அங்கேயே கிடந்தது. காலையில் பார்த்தால் அட்டையில் மூன்றே சொட்டு.

‘மூன்று சொட்டு என்ன செய்துவிடும்?’ என்று தோன்றும். நிற்கிற வண்டியில் மூன்று சொட்டு என்றால், ஓடுகிற வண்டியில் ஆயில் பம்ப் அழுத்தம் கொடுக்கும்போது நிலைமை வேறு. ஒரு கணக்குப் பாருங்கள். 50 மீட்டருக்கு ஒரு சொட்டு விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். 1,000 கி.மீ.க்கு 20,000 சொட்டு. தோராயமாக 20 சொட்டு ஒரு மில்லி என்றால், மொத்தம் ஒரு லிட்டர்! ரோட்டில் போனது யார் கண்ணுக்கும் தெரியாது.

ஆம்னியில் இன்ஜின் இருப்பது முன் இருக்கைகளுக்கு அடியில். 1984-ல் ‘மாருதி வேன்’ என்ற பெயரில் வந்து, 1988-ல் ஆம்னி ஆகி, 2019 வரை வந்த வண்டி இது. அத்தனை ஆண்டுகளிலும் இன்ஜின் இடம் மாறவில்லை. மூன்று சிலிண்டர், 796 சி.சி. இருக்கையைத் தூக்கினால்தான் இன்ஜின் கண்ணில் படும். அதனாலேயே பலர் மாதக்கணக்கில் அதைத் திறந்து பார்ப்பதில்லை. இருக்கையைத் தூக்கியதும் மேஸ்திரி மோப்பம் பிடித்தார். ‘‘ஓட்டும்போது தீய்ஞ்ச வாடை வருமே?’’

‘‘வரும்ங்க. கிளட்ச் வாடைன்னு நினைச்சேன்.’’

டேப்பட் கவர் பேக்கிங் காய்ந்து, கல் மாதிரி ஆகியிருந்தது. அதன் ஓரம் வழியாகக் கசிந்த ஆயில், சூடான சைலன்சர் குழாய் மேல் விழுந்து அங்கேயே தீய்ந்திருக்கிறது. தரைக்கு வந்து சேர்ந்தது அந்த மூன்று சொட்டு மட்டும்தான்.

உங்கள் வண்டியிலும் கசிவைத் தேட ஒரு எளிய வழி. இன்ஜினை நன்றாகத் துடைத்து, காய்ந்த பிறகு சந்தேகப்படும் இடங்களில் முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவுங்கள். பத்துப் பதினைந்து கி.மீ. ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். கசிகிற இடத்தில் பவுடர் நனைந்து கறுத்திருக்கும். எப்போதும் கறையின் உச்சியைத் தேடுங்கள். ஆயில் கீழ்நோக்கி வழியும், காற்றில் பின்னோக்கிப் பரவும். கீழே சேம்பர் நனைந்திருக்கிறது என்று சேம்பர் பேக்கிங்கை மாற்றிவிட்டு, மேலே டேப்பட் கவர் ஒழுகுவதைக் கவனிக்காமல் விட்டவர்கள் நிறையப் பேர்.

பார்க்க வேண்டிய மற்ற இடங்கள்: ஆயில் ஃபில்டர் உட்காரும் இடம், ஆயில் பிரஷர் சுவிட்ச், ஆயில் இறக்கும் போல்ட்டின் வாஷர், முன்பக்கம் பெல்ட் ஓடும் இடத்தில் கிராங்க் ஆயில் சீல், பின்பக்கம் இன்ஜினும் கியர் பாக்ஸும் சேரும் இடம். கடைசியாகச் சொன்ன இடத்தில் சொட்டினால் பின் ஆயில் சீலாக இருக்கலாம். அதை மாற்ற கியர் பாக்ஸை இறக்க வேண்டும். செலவு கொஞ்சம் கூடும். விட்டுவைத்தால் ஆயில் கிளட்ச் தட்டில் ஏறி, லோடோடு மேடு ஏறும்போது கிளட்ச் வழுக்கும்.

புகை எப்போது வருகிறது?

ஒழுகல் ஒன்று கிடைத்தது. ஆனால், ‘‘இந்தக் கசிவுக்கு 700 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் போகாது’’ என்றார் மேஸ்திரி. மீதி ஆயில் உள்ளே எரிகிறது. எங்கே?

இந்த இடத்தில்தான் பல மெக்கானிக்குகள் அவசரப்படுகிறார்கள். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். கறுப்பு என்றால் பெட்ரோலோ டீசலோ அதிகம் போகிறது. விடாமல் வெள்ளையாக வந்து, ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால் தண்ணீர் உள்ளே போகிறது. நிறத்தோடு நின்றுவிடக் கூடாது. நீலப் புகை எந்த நேரத்தில் வருகிறது என்பதில்தான் விடை இருக்கிறது.

மறுநாள் விடிகாலை, வண்டி குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்யச் சொன்னார். ‘புஸ்’ என்று ஒரு நீலப் புகை. ஒரு நிமிடத்துக்குள் நின்றுவிட்டது. பிறகு மலைச் சாலைக்குப் போனோம். விவசாயியின் மகன் பைக்கில் பின்னாலேயே வந்தான். ஓட்டுகிறவருக்குத் தன் வண்டியின் புகை சரியாகத் தெரியாது. பின்னால் ஒருவர் வந்தே ஆக வேண்டும்.

ஏறும்போது மூன்று மூட்டை எடையோடு ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தும் புகை இல்லை. இறங்கும்போது இரண்டாவது கியரில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, இன்ஜின் பிடிப்பிலேயே ஒரு கிலோமீட்டர் இறங்கினோம். சமதளம் வந்ததும் மேஸ்திரி, ‘‘இப்ப மிதி’’ என்றார். பைக்கில் வந்த மகன் இருமிக்கொண்டே வந்து நின்றான். ‘‘அப்பா, கொசு மருந்து அடிக்கிற மாதிரி வருது!’’

மேஸ்திரி முகத்தில் சிரிப்பு. ‘‘ஆடு தப்பிச்சிருச்சு தம்பி.’’

காரணம் இதுதான். வால்வின் தண்டைச் சுற்றி ஒரு சிறிய ரப்பர் சீல் இருக்கும். மேலே டேப்பட் பகுதியில் ஓடும் ஆயில், வால்வு தண்டு வழியாகச் சிலிண்டருக்குள் இறங்காமல் தடுப்பது அதன் வேலை. ஆண்டுக்கணக்கில் சூட்டில் வெந்து அந்த ரப்பர் இறுகிவிட்டால், இரவெல்லாம் ஆயில் சொட்டுச் சொட்டாக உள்ளே இறங்கி நிற்கும். காலை ஸ்டார்ட்டில் எரிந்து புகையாக வரும். மலை இறக்கத்தில் ஆக்சிலேட்டர் மூடியிருக்கும்போது பெட்ரோல் இன்ஜின் பலமாக உறிஞ்சும். அந்த உறிஞ்சலில் சீல் வழியாக ஆயில் உள்ளே இழுபடும். மறுபடி மிதித்ததும் மொத்தமாக எரியும்.

ரிங் தேய்ந்திருந்தால் நடப்பது வேறு. எடையோடு மேடு ஏறும்போது, ஆக்சிலேட்டர் மிதிக்க மிதிக்கப் புகை விடாமல் வரும். இழுவை குறையும். வண்டி நின்றபடி ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால், அடுப்பு ஊதுகுழல் மாதிரி காற்று ‘குபுகுபு’ என்று அடிக்கும். சில வண்டிகளில் கேஜ் கம்பியே எகிறி மேலே வரும். எரிந்த வாயு, ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்குவதால் வரும் அழுத்தம் இது.

அப்படி அழுத்தம் இருந்தாலும், ரிங்தான் என்று உடனே முடிவுகட்டிவிடாதீர்கள். பிரீதர் ஹோஸை ஒருமுறை பாருங்கள். இன்ஜினுக்குள் சேரும் வாயு வெளியேறும் வழி அது. சில மாடல்களில் வெறும் ஹோஸ், சிலவற்றில் பி.சி.வி. என்ற சின்ன வால்வும் இருக்கும். அது கசடு பிடித்து அடைத்துக்கொண்டால், உள்ளே அழுத்தம் ஏறி, நல்ல சீல்கள் வழியாகவும் ஆயில் பீய்ச்சும். வால்வு திறந்தபடியே நின்றுவிட்டால், ஆயிலை உறிஞ்சி இன்ஜினுக்கே ஊட்டிவிடும். கழற்றிக் குலுக்கினால் பெரும்பாலான பி.சி.வி. வால்வுகள் உள்ளே ‘கடகட’ என்று ஆட வேண்டும். அடைத்த ஹோஸைப் பெட்ரோலில் கழுவிக் காயவைத்து மாட்டினால் போதும். வால்வு போயிருந்தால் மாற்றுவதும் சின்னச் செலவுதான். இந்த ஒன்றைப் பார்க்காமல் இன்ஜின் இறக்கப்பட்ட வண்டிகள் எத்தனையோ.

பிளக்கும் கம்ப்ரஷனும்

புகையை மட்டும் நம்பிக் காசு செலவழிக்க மேஸ்திரிக்கு மனமில்லை. மூன்று பிளக்குகளையும் கழற்றி, எந்தச் சிலிண்டரில் இருந்தது என்று வரிசை மாறாமல் ஒரு செய்தித்தாளில் வைத்தார். ஒன்றும் மூன்றும் செங்கல் தூள் நிறத்தில் உலர்ந்திருந்தன. இரண்டாவது மட்டும் கறுத்து, ஆயிலில் முக்கி எடுத்தது போல நனைந்திருந்தது. ஆயில் அதிகம் எரிவது இரண்டாவது சிலிண்டரில்.

அடுத்தது கம்ப்ரஷன் டெஸ்ட். இதற்கென்று ஒரு கேஜ் உண்டு. ஓரளவு பெரிய ஒர்க்‌ஷாப் எல்லாவற்றிலும் இருக்கும். இன்ஜினைச் சூடாக்கி, எல்லாப் பிளக்குகளையும் எடுத்துவிட்டு, இக்னிஷனையும் பெட்ரோல் வருவதையும் துண்டித்து, ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தபடி ஸ்டார்ட்டரைச் சுழற்ற வேண்டும். வந்த அளவு: 11.2, 10.8, 11 கிலோ. இந்த வகைப் பழைய பெட்ரோல் இன்ஜினுக்கு இது நல்ல அளவு. சிலிண்டருக்குச் சிலிண்டர் ஒரு கிலோவுக்கு மேல் வித்தியாசமும் இல்லை.

பிறகு ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மறுபடி அளந்தார். ரிங் தேய்ந்திருந்தால், இந்த ஆயில் இடைவெளியை அடைத்து, அளவு சட்டென்று இரண்டு மூன்று கிலோ ஏறும். இங்கே அரை கிலோ மட்டும் ஏறியது. ரிங்கும் போரும் இன்னும் தாங்கும்.

இதில் ஒரு நுணுக்கம். கம்ப்ரஷனைத் தாங்குவது மேலே உள்ள ரிங்குகள். அடியில் இருப்பது, சுவரில் உள்ள ஆயிலை வழித்து இறக்கும் ஆயில் ரிங். ஆயில் மாற்றாமல் ஓட்டிய வண்டியில் அந்த ஆயில் ரிங் மட்டும் கரி பிடித்து அசையாமல் நின்றுவிடும். அப்போது கம்ப்ரஷன் நன்றாகவே காட்டும், ஆயிலும் எரியும். அதனால் கம்ப்ரஷன் நன்றாக இருக்கிறது என்பதை மட்டும் வைத்து ‘ரிங் சுத்தமாக நல்லா இருக்கு’ என்று சத்தியம் செய்ய முடியாது. புகை வரும் நேரம், பிளக், கம்ப்ரஷன் மூன்றையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். இந்த வேனில் இறக்கத்துப் புகையும் காலைப் புகையும் வால்வு சீலையே காட்டின.

அந்த ஊர் மெக்கானிக்கையே அழைத்து, மேஸ்திரி எல்லாவற்றையும் விளக்கினார். அவர் இளைஞர்; கோபப்படவில்லை. ‘‘கேஜ் எங்கிட்ட இல்லைங்கண்ணே, புகையைப் பார்த்ததும் சொல்லிட்டேன்’’ என்றார். ஹெட்டை இறக்கி ஆறு வால்வு சீல், ஹெட் கேஸ்கட், டேப்பட் கவர் பேக்கிங், கையோடு டைமிங் பெல்ட், புது ஆயில், ஃபில்டர் எல்லாம் மாற்றினார். கூலியோடு 7,300 ரூபாய். இப்போது 2,400 கி.மீ.க்கு ஒரு லிட்டர் குறைகிறது. முழுவதும் நிற்கவில்லை. 2008 மாடல் வண்டியில் அதை எதிர்பார்க்கவும் கூடாது. இரண்டு கிடாய்கள் மட்டும் சந்தைக்குப் போயின. நான்கு பெட்டை ஆடுகளும் பட்டியில் நிற்கின்றன.

ரிங்கே போயிருந்தால்?

அப்போதும் உடனே இன்ஜினை இறக்கத்தான் வேண்டுமா என்று ஒரு கணக்குப் போடலாம். ஆயில் லிட்டர் 450 ரூபாய் என்று வையுங்கள். மாதம் 1,000 கி.மீ. ஓடும் வண்டி, 1,000 கி.மீ.க்கு ஒரு லிட்டர் குடித்தால் ஆண்டுக்கு 5,400 ரூபாய். 42,000 ரூபாய் வேலையின் பணம் திரும்ப ஏழெட்டு ஆண்டுகள் ஆகும். வண்டி அதுவரை இருக்குமா என்பதே கேள்வி. இந்த நிலையில் வாரம் ஒருமுறை அளந்து ஊற்றி ஓட்டுவதே லாபம். 300 கி.மீ.க்கு ஒரு லிட்டர் என்று போய்விட்டால் கணக்கு மாறும். அப்போது பிளக் அடிக்கடி நனைந்து அடைக்கும். புகைச் சோதனையில் தேறாது. சைலன்சரில் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் உள்ள வண்டியில் அதுவும் கெடும். பின்னால் வருகிறவர் மூச்சுத் திணறுவார். வேலை செய்யுங்கள் அல்லது நல்ல நிலையில் உள்ள பழைய இன்ஜின் கிடைக்குமா என்று பாருங்கள்.

கரி பிடித்த ரிங், அடுத்தடுத்து இரண்டு முறை நல்ல ஆயிலைச் சீக்கிரமாக மாற்றினால் விடுபடுவதும் உண்டு. உத்தரவாதம் கிடையாது. சேம்பரில் டீசலோ மண்ணெண்ணெயோ ஊற்றி ஓட்டிக் கழுவுகிற வேலை வேண்டாம். பேரிங்குக்கு ஆயில் படலம் கிடைக்காமல் அதுவும் சேர்ந்து போகும். டிராக்டருக்கு வாங்கிய கியர், ஹைட்ராலிக் ஆயிலைக் காரில் ஊற்றுவதும், டிராக்டரில் இறக்கிய பழைய ஆயிலை வடிகட்டி ஊற்றுவதும் கூடாது. வண்டிக்குச் சொன்ன கிரேடில், தேய்ந்த இன்ஜினுக்கு ஏற்ற கெட்டியான வகை எது என்று கேட்டு ஊற்றலாம்.

ரிங்கைச் சீக்கிரம் கொல்வது நம் ஊர்ப் புழுதி. ஏர் ஃபில்டர் கிழிந்திருந்தாலோ, சரியாக உட்காராமல் இருந்தாலோ, மண் ரோட்டுத் தூசி உப்புத்தாள் போல ரிங்கையும் போரையும் தேய்த்துவிடும். கூரை வேய ஆள் தேடுகிற நாம், ஃபில்டர் மாற்ற மட்டும் நாள் பார்க்கிறோம்.

இன்னொன்று: மீட்டர் பக்கத்தில் அலாவுதீன் விளக்கு மாதிரி சிவப்பாக எரியுமே, அது ஆயில் குறைந்தால் முன்கூட்டிச் சொல்கிற விளக்கு அல்ல. ஆயில் அழுத்தம் விழுந்த பிறகுதான் எரியும். அதற்குள் சேம்பர் ஏறக்குறைய வறண்டிருக்கும். எரிந்தால் அடுத்த ஊர் வரை போகலாம் என்று நினைக்காதீர்கள். ஓரம் கட்டி அணைத்துவிடுங்கள். ஓட்டினால் பேரிங்கும் கிராங்கும் போகும்.

வாங்கும் முன்பே கண்டுபிடிக்க...

நம் விவசாயி வண்டி பார்க்கப் போனபோது, புரோக்கர் ஏற்கெனவே ஸ்டார்ட் செய்து வைத்திருந்தாராம். சூடான இன்ஜினில் காலைப் புகை தெரியாது. கெட்டி ஆயிலை ஊற்றிவிட்டால் இரண்டு மாதம் மறைக்கலாம். அதனால், ‘நான் வருவதற்கு முன்னால் ஸ்டார்ட் செய்யாதீர்கள்’ என்று சொல்லிவிட்டு விடிகாலையில் போங்கள். இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பிவிடுங்கள். இன்ஜின் மட்டும் பளபளவென்று கழுவியிருந்தால் கசிவை மறைக்கிறார்களோ என்று யோசியுங்கள். ஸ்டார்ட் செய்யும்போது ஒருவர் சைலன்சர் பக்கம் நிற்கட்டும். ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். சைலன்சர் வாயில் விரலை விட்டுத் துடைத்தால், உலர்ந்த கரி வரலாம். பிசுபிசுவென்று ஒட்டினால் ஆயில் எரிகிறது. இறக்கமான ரோடு ஒன்றில் ஓட்டிப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

இதே விஷயத்தில் வந்த இன்னும் மூன்று கேள்விகள்

*‘‘டர்போ உள்ள பழைய டீசல் ஜீப் வைத்திருக்கிறேன். ஆயில் குறைகிறது, தரையில் கசிவு இல்லை.’’*

டர்போவிலிருந்து இன்ஜினுக்குக் காற்று போகும் ரப்பர் குழாயைக் கழற்றிப் பாருங்கள். லேசான ஈரம் சகஜம். ஆயில் தேங்கி வழிந்தால் டர்போ சீல் அல்லது பிரீதர் சந்தேகம். இதைத் தள்ளிப்போட வேண்டாம். டர்போ மொத்தமாகக் கொடுத்துவிட்டால், டீசல் இன்ஜின் தன் ஆயிலையே எரிபொருளாகக் குடித்து, சாவியை அணைத்தாலும் நிற்காமல் வேகமெடுக்கும். அப்படி நடந்தால் பிரேக்கை முழுக்க மிதித்துக்கொண்டு, டாப் கியர் போட்டு, கிளட்சை விட்டு இன்ஜினை அமுக்கி நிறுத்துங்கள். காற்று போகும் வாயைக் கையால் அடைக்கப் பார்க்காதீர்கள்.

*‘‘எங்கள் பழைய கார்பரேட்டர் வண்டியில் ஆயில் குறைவதற்குப் பதில் ஏறுகிறது. நல்லதுதானே?’’*

நல்லதல்ல. கேஜ் கம்பியை முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால், பெட்ரோல் பம்ப்பின் உள் ரப்பர் கிழிந்து சேம்பருக்குள் பெட்ரோல் இறங்குகிறது. ஆயில் நீர்த்துப்போகும், தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு. பம்ப்பைச் சரிசெய்து, ஆயிலை முழுக்க மாற்றிய பிறகுதான் ஓட்ட வேண்டும். மோர் நிறத்தில் குழம்பியிருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. ஹெட் கேஸ்கட்டைப் பாருங்கள்.

*‘‘பழைய டிராக்டர், ஆயில் பாத் ஏர் கிளீனர் உள்ளது. நீலப் புகை வருகிறது. போர் வேலை செய்யச் சொல்கிறார்கள்.’’*

முதலில் ஏர் கிளீனர் கிண்ணத்தைக் கழற்றுங்கள். கோட்டுக்கு மேல் ஆயில் ஊற்றியிருந்தால் அதையே இன்ஜின் உறிஞ்சி எரிக்கும். கிண்ணத்தைக் கழுவி, சேற்றை எடுத்துவிட்டு, கோடு வரை மட்டும் ஊற்றி இரண்டு நாள் உழுது பாருங்கள். புகை நிற்காவிட்டால், டிராக்டருக்குக் கிலோமீட்டர் கணக்கு உதவாது என்பதால், எத்தனை மணி நேரத்துக்கு எவ்வளவு குறைகிறது என்று எழுதி அனுப்புங்கள். அந்தக் கணக்கு கையில் இருந்தால் அடுத்த இதழில் மேலே பேசலாம்.